பின்ட்ரஸ்ட்ல பாத்த ஹாலு நம்ம வீட்டுல வருமா? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், "அக்கா இந்த படத்த பாருங்க, இதே மாதிரி பண்ணலாமா". அதனால ஒழுகுற மொட்டை மாடி, செப்டிக் டேங்க் பத்தி கேட்டவங்க எல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இந்த தடவை படத்தோட வந்தவங்களுக்கு மட்டும் பதில்.

வாசகி, தக்கலை: புது வீடு கெட்டிட்டு இருக்கோம். ரெண்டு வருஷமா பின்ட்ரஸ்ட்லயும் இன்ஸ்டாலயும் பாத்து பாத்து சேவ் பண்ணி போன்ல எடமே இல்ல. இப்ப கொத்தனார் "எந்த மாடல்னு சொல்லுங்கம்மா"ன்னு கேக்காரு, எனக்க வீட்டுக்காரர் "நீதானே ராத்திரி பகலா பாத்துட்டு இருந்த, நீயே சொல்லு"ங்காரு. எனக்கு எல்லாமே பிடிச்சிருக்கு, எப்படி முடிவு பண்ண?

எல்லாமே பிடிச்சிருக்குன்னு தோணுறதுல பாதி உங்க ரசனை இல்லம்மா, அந்த ஆப்போட வேலை. பின்ட்ரஸ்ட் 2010-ல வந்ததுல இருந்து அதோட பொழப்பே இதுதான், நீங்க ஒரு படத்த சேவ் பண்ணினா அதே சாயல்ல இன்னும் பத்த கொண்டு வந்து நீட்டும், அதுல ஒண்ண தொட்டா இன்னும் பத்து. ஒரு வெள்ளை சுவரு, ஒரு பிரம்பு நாற்காலி, மூலைல ஒரு செடின்னு ஒரு படத்த ரெண்டு நிமிஷம் பாத்துட்டீங்கன்னா மறுநாள் காலைல ஊரு ஒலகம் பூரா வெள்ளை சுவத்துக்கு முன்னால பிரம்பு நாற்காலி போட்டுத்தான் உக்காந்திருக்குன்னு தோணும். உண்மைல அது ஒரே படம், ஆயிரம் வீட்டுல.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் இத பண்ணுங்க. ஹால், அடுக்களை, படுக்கறை, வாசல்னு பின்ட்ரஸ்ட்ல தனித்தனி போர்டு, அதாவது படத் தொகுப்பு, போட்டு (யாரும் பாக்கக்கூடாதுன்னா சீக்ரெட் போர்டா வச்சுக்கலாம்) ஒவ்வொண்ணுலயும் அஞ்சே அஞ்சு படம் மட்டும் விடுங்க, மிச்சத்த அழிச்சிருங்க, வயிறு எரியத்தான் செய்யும், பரவால்ல. அப்புறம் ஒவ்வொரு படத்துக்கு கீழயும் எது பிடிச்சுதுன்னு ஒரு வரி எழுதுங்க. "சூப்பர்"னு எழுதக்கூடாது, பொருள எழுதணும், ஜன்னல் கீழ உக்கார திண்டு, தரைல கருப்பு கலர், அலமாரிக்கு கதவு இல்லாதது, இப்படி. எழுதி முடிச்சு மொத்தமா வாசிச்சு பாத்தீங்கன்னா, கலரும் டைல்ஸும் படத்துக்கு படம் மாறும் ஆனா ஒரு ரெண்டு மூணு விஷயம் மட்டும் விடாம திரும்ப திரும்ப வரும். உங்களுக்கு வேண்டியது அதுதான். கொத்தனார்கிட்ட போன நீட்டாதீங்க, அந்த ரெண்டு மூணு வரிய சொல்லுங்க, அவருக்கு புரியும்.

தேடுற வார்த்தையையும் மாத்துங்க. சும்மா "ஹால் டிசைன்"னு அடிச்சா நார்வேயும் நியூயார்க்கும் வந்து நிக்கும், அங்க குளிர்காலத்துல பகலே சுருங்கிப் போகும், வெளிச்சத்துக்கு ஏங்கி எல்லாத்தையும் வெள்ளை அடிச்சு வச்சிருக்கான், நமக்கு வெளிச்சத்துக்கா பஞ்சம்? கூட "ட்ராப்பிக்கல்", "கேரளா", "ஸ்ரீலங்கா", "கோவா"ன்னு ஒரு வார்த்தை சேருங்க. ஸ்ரீலங்கால ஜெஃப்ரி பாவான்னு ஒரு ஆர்க்கிடெக்ட் இருந்தாரு, 2003-ல இறந்துட்டாரு, அவர் பேரு போட்டு தேடுங்க, நடுவுல முற்றம், ஓட்டுக் கூரை, பளபளன்னு சிமெண்ட் தரை, பெரிய பெரிய வராந்தா. கடலுக்கு அந்த பக்கமும் நம்ம மழையும் நம்ம புழுக்கமும்தான், அதனால அங்க நிக்குற வீடு இங்கயும் நிக்கும்.

வாசகர், அருமனை: இணைச்ச படத்துல உள்ளது போல ஹாலுக்கு மேற்கு பக்கம் தரைல இருந்து கூரை வரை கண்ணாடி வைக்க ஆசை, ரப்பர் தோட்டம் அப்படியே தெரியும். இஞ்சினியர் வேண்டாங்காரு. ஏன்?

இஞ்சினியர் சொல்றதுல நியாயம் இருக்கு. நீங்க அனுப்பின வீட்ட சுத்தி ஊசியிலை மரமா நிக்கு, அது குளிர் நாடு, அங்க வெயில் உள்ள வந்தா ஹீட்டர் செலவு மிச்சம். நம்மள பொறுத்தவரை மேற்கு கண்ணாடின்னா மத்தியானம் மூணு மணிக்கு மேல அந்த சோபால யாரும் உக்கார முடியாது, அது போதாதுன்னு ஜூன்ல தென்மேற்கு மழை அந்த பக்கம் இருந்துதான் சாஞ்சு அடிக்கும், கண்ணாடி ஃப்ரேம் இடுக்கு வழியா தண்ணி இறங்கும். ரெண்டு பருவமழையும் வாங்குற மாவட்டம் நம்ம கன்னியாகுமரி, மறந்துராதீங்க.

இன்னொரு விஷயம், வெளிநாட்டு டெக்கர் பக்கத்துல எல்லாம் "வடக்கு ஜன்னல்ல வெயிலே வராது, தாராளமா வைங்க"ன்னு போட்டிருப்பான், அது அவன் ஊருக்கு. நம்ம ஊரு கிட்டத்தட்ட 8 டிகிரி அட்சரேகைல இருக்கு, ஏப்ரல் ரெண்டாவது வாரத்துல சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர வந்து அதுக்கு மேல வடக்க போயிரும், ஆகஸ்ட் கடைசிலதான் திரும்ப உச்சிக்கு வரும். அதாவது மே மாசம் மத்தியானம் வெயில் நமக்கு வடக்கு பக்கம் இருந்துதான். ஆனா அப்ப அது நல்ல உயரத்துல நிக்கும், ரெண்டு ரெண்டரை அடி சன்ஷேடு இருந்தா போதும் தடுத்துரும். மேற்கு வெயில் தாழ்ந்து வரும், எந்த சன்ஷேடுக்கும் அடங்காது. அதனால கண்ணாடிய வடக்கயோ கிழக்கயோ மாத்துங்க, ரப்பர் தோட்டம் மேற்குலதான் இருக்குன்னா அந்த பக்கம் ஆறு ஏழு அடிக்கு ஒரு வராந்தா இறக்கி அதுக்கு உள்ளால வைங்க. இல்லேன்னா செங்கல்ல இடைவெளி விட்டு கெட்டுற ஜாலி சுவர் யோசிங்க, லாரி பேக்கர்ங்கற ஆர்க்கிடெக்ட் திருவனந்தபுரத்துல இருந்துட்டு வாழ்நாள் பூரா கெட்டினது அதுதான், அங்க வளர்ச்சி ஆய்வு மையம் கேம்பஸ்ல போய் நேராவே பாக்கலாம், படத்துல பாக்குறத விட நல்லா இருக்கும். காத்து வரும், வெளிச்சம் துண்டு துண்டா விழும், திரைச்சீலை செலவும் இல்ல.

வாசகர், மார்த்தாண்டம்: இன்ஸ்டால பாத்த டிவி யூனிட் படத்த ஆசாரிகிட்ட காட்டி "அச்சு அசலா இதே மாதிரி"ன்னு சொன்னேன். அவரும் அப்படியேதான் செஞ்சிருக்காரு, ஆனா ஹாலையே அடச்சிட்டு நிக்கு, வாறவன் போறவன் எல்லாம் இடிக்கான். பாக்கி ரூவாய கொடுக்கவா வேண்டாமா?

கொடுங்க அண்ணே, முதல்ல கொடுங்க. அவர் நீங்க சொன்னததான் செஞ்சாரு. படத்துல கலர் இருக்கும், டிசைன் இருக்கும், அளவு இருக்காது. அதுலயும் இந்த மாதிரி ரூம் படம் எல்லாம் வைட் லென்ஸ்ல எடுக்குறது, உங்க போன்லயே 0.5-னு ஒண்ணு இருக்கும்ல, அத போட்டு உங்க ஹால நீங்களே மூலைல நின்னு ஒரு படம் எடுத்து பாருங்க, கல்யாண மண்டபம்னு நெனச்சிருவீங்க.

ஆனா படத்துல இருந்து அளவ கறக்க வழி இருக்கு, இத எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தரைய பாருங்க, பெரிய சதுர டைல்ஸ்னா அனேகமா ரெண்டுக்கு ரெண்டு அடி. ஒரு சுவத்துல இருந்து எதிர் சுவரு வரை எண்ணுங்க, ஒம்பது டைல்ஸ் வந்தா பதினெட்டு அடி ஹாலு. உங்களது எத்தன? நீங்க அனுப்பின படத்துல டிவி யூனிட்டுக்கு பின்னால பாதி மறைஞ்சு தெரியுற உங்க ஹாலு பதினொரு அடின்னு நெனைக்கேன், ரெண்டும் ஒண்ணாகுமா? டைல்ஸ் தெரியலேன்னா கதவ பிடிங்க, கதவு சாதாரணமா ஏழு அடி, சோபா உக்காருற எடம் தரைல இருந்து ஒன்றரை அடி, சாப்பாட்டு மேசை ரெண்டரை அடி. இதுல ஒண்ணு படத்துல இருந்தா போதும், மிச்சத்த ஸ்கேல் வச்சு திரைலயே கணக்கு போட்டுரலாம். பக்கத்து பக்கத்துல நிக்குற பொருளத்தான் இப்படி ஒப்பிடணும், ஓரத்துல இருக்கது வைட் லென்ஸ்ல இழுத்து பெருசா தெரியும், அத நம்பாதீங்க.

அளவு கிடைச்சதும் நேரா ஆசாரிகிட்ட ஓடக்கூடாது. பெயிண்டர் ஒட்டுற மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்கி, செய்யப்போற சாமான் எவ்வளவு எடம் பிடிக்குமோ அந்த அளவுக்கு தரைல ஒட்டுங்க. ரெண்டு மூணு நாள் அத மிதிக்காம நடந்து பாருங்க. பிள்ளைங்க ஓடணும், நீங்க சாயாவும் கையுமா போகணும், மாமியார் வாக்கர் வச்சு போறவங்களா இருந்தா மூணு அடி வழி வேணும். டீப்பாய்க்கும் சோபாக்கும் நடுவுல ஒன்றரை அடி போதும். டிவி யூனிட்டுக்கு ஒண்ணே கால் அடி ஆழம் தாராளம், இப்பத்த டிவி சுவத்தோட ஒட்டித்தானே இருக்கு, ரெண்டு அடி ஆழமெல்லாம் பழைய டப்பா டிவி காலத்து கணக்கு.

இப்ப செஞ்சத என்ன பண்ணன்னு கேப்பீங்க. மேல தொங்குற பெட்டிகள கழட்டி படுக்கறைல மாட்டுங்க, கீழ உள்ள ஸ்டாண்ட மட்டும் விடுங்க, பாதி அடைசல் போயிரும். ப்ளைவுட்ல செஞ்சதுன்னா ஆழத்த கூட அறுத்து குறைக்கலாம், ஆசாரிக்க கையில நயமா சொன்னா செஞ்சு தருவாரு, பாக்கிய கொடுத்த பிறகு. எம்.டி.எஃப்னா, அதாவது மரத்தூள அமுக்கி செஞ்ச பலகைன்னா, அறுக்காதீங்க, அறுத்த ஓரம் நம்ம ஊரு ஈரத்துல ஊதிரும்.

வாசகி, குளச்சல்: கடக்கரைக்கு பக்கத்துல வீடு. தங்க கலர்ல இலை இலையா மெட்டல் வால் ஆர்ட் எல்லா படத்துலயும் வருது, ஆன்லைன்ல வாங்கலாமா?

வாங்காதீங்க. அதுல முக்காவாசி இரும்புத் தகடுல பெயிண்ட் அடிச்சது, உப்புக்காத்து அந்த வெட்டின ஓரத்துலயும் வெல்டிங் வச்ச எடத்துலயும்தான் முதல்ல பிடிக்கும், ஒரு மழைக்காலம் தாண்டினா சுவத்துல துரு ஒழுகி கோடு விழும், அப்புறம் சுவத்துக்கும் சேத்து பெயிண்ட் அடிக்கணும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொன்னா எந்த கிரேடுன்னு கேளுங்க, சாதாரணமா வர்றது 304, கடல் பக்கத்துல அதுலயே பழுப்பு கறை விழும், 316-ல மாலிப்டினம் சேத்திருக்கான், அது தாங்கும், விலையும் கூட. பித்தளை கறுக்கும் ஆனா புளி போட்டு தேச்சா திரும்பிரும், அதனால பித்தளைக்கு நான் எதிரி இல்ல. மரம், மண், கல்லு, இதுக்கு எல்லாம் உப்பு பெருசா ஒண்ணும் செய்யாது. மயிலாடில சாமி சிலை மட்டும்தான் செய்வாங்கன்னு நெனைக்காதீங்க, கேட்டா சின்ன கல் விளக்கு, தொட்டி எல்லாம் செதுக்கி தருவாங்க. வாசல்ல ஒரு கல் தொட்டி இருந்தா அந்த தங்க இலை எல்லாம் நெனப்புல கூட வராது.

ஃபோட்டோ ஃப்ரேம் மாட்டினா பின்னால நாலு மூலைலயும் சின்ன கார்க் துண்டு ஒட்டி சுவத்துல இருந்து கொஞ்சம் தள்ளி நிக்க விடுங்க, இல்லேன்னா ஈரம் ஏறி படத்துல பூஞ்சை பிடிக்கும். வால்பேப்பர் பத்தி கேட்டா பதிலே சொல்ல மாட்டேன். அலமாரி செய்யும்போது ப்ளைவுட்ல ஐ.எஸ். 710 முத்திரை பாத்து வாங்குங்க, அதுதான் தண்ணி தாங்குற மெரைன் ப்ளை.

கல்லூரி மாணவி, ராஜாக்கமங்கலம்: சில ரூம் படம் நம்பவே முடியாத அழகா இருக்கு. உண்மையான வீடா, ஏஐ செஞ்சதான்னு எப்படி கண்டுபிடிக்க?

நல்ல கேள்வி, இப்ப வர்றதுல ஏஐ படம் நெறைய கலந்து கிடக்கு. பின்ட்ரஸ்டே சில படத்துக்கு கீழ ஏஐ-ல மாத்தினதுன்னு லேபிள் போடுது, செட்டிங்ஸ்ல போய் அந்த மாதிரி படத்த குறைக்கவும் செய்யலாம், ஆனா எல்லாத்தையும் அது பிடிக்குறது இல்ல. பெருசாக்கி பாருப்பிள்ளே. நாற்காலிக்கு எத்தன கால்னு எண்ணு, மூணுல நிக்கும், இல்ல ஒரு கால் மேசைக்குள்ள உருகி போயிருக்கும். புத்தகத்துக்க முதுகுல எழுத்து கிறுக்கலா இருக்கும். படிக்கெட்டு போய் சுவத்துல முட்டும். ஜன்னல் வலது பக்கம் இருக்கும், நிழலும் வலது பக்கமே விழும். கண்ணாடில தெரியுற ரூமும் எதிர்ல உள்ள ரூமும் வேற வேற. அப்புறம் கூகுள் லென்ஸ்ல போட்டு தேடு, உண்மையான வீடுன்னா அனேகமா அத கெட்டின ஆர்க்கிடெக்ட் பக்கத்துல அதே வீடு வேற கோணத்துலயும் இருக்கும், ஏஐ-க்கு அந்த ஒரே கோணம்தான்.

ஏஐ படம்னா தூக்கி போடணும்னு இல்ல, சுவத்து கலருக்கு, துணிக்கு எல்லாம் பாத்துக்கலாம். அத பாத்து படிக்கெட்டு கெட்ட மட்டும் கிளம்பிராத.

வாசகி, குழித்துறை: எனக்கு வயசு அறுபத்தஞ்சு. எங்க மாமனாருக்க அப்பா கெட்டின ஓட்டு வீடு, அறைப்புரையும் (நெல்லு, சாமான் வைக்குற மர அறை) மரத்தட்டும் (மர உள்கூரை) எல்லாம் உண்டு. துபாய்ல இருக்க மோன் தினமும் வெள்ளை டப்பா மாதிரி வீட்டுப் படமா அனுப்பி, இத இடிச்சுட்டு அது போல கெட்டணும்ங்கான். எனக்கு மனசு வரல, என்ன சொல்லி அவன நிறுத்த?

அம்மா, வாதாட வேண்டாம், அவன் பாணிலயே போங்க. ஒரு நாள் காலைல எட்டு எட்டரைக்கு முற்றத்துல வெயில் சாஞ்சு விழும்போது பேரப்பிள்ளை யாரையாச்சும் விட்டு வீட்ட படம் எடுக்கச் சொல்லுங்க. டியூப்லைட்ட அணைச்சிரணும், பிளாஸ்டிக் குடம், கொடில தொங்குற துணி, மூணு வருஷத்து காலண்டர் எல்லாத்தையும் எடுத்துரணும். திண்ணைல ஒரு செம்பு, அவ்வளவுதான். கழுக்கோலும் பட்டியலும் (ஓட்ட தாங்குற மரச்சட்டம்) தெரியுற மாதிரி உள்ள இருந்து மேல பாத்து ஒண்ணு, அறைப்புரை கதவு பூட்ட பக்கத்துல போய் ஒண்ணு. அத அனுப்புங்க, ஒண்ணும் எழுதாதீங்க. "கேரளா ட்ரெடிஷனல்"னு தேடி அந்த படத்த சேவ் பண்ண ஒலகத்துல எத்தன பேரு இருக்கான்னு மோனே பாத்து சொல்லுவான்.

லீவுக்கு வரும்போது அவன பத்மநாபபுரம் அரண்மனைக்கு கூட்டிட்டு போங்க, திங்கக்கிழமை லீவு. 1795 வரைக்கும் திருவிதாங்கூர் தலைநகரம், 1956-ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்த பிறகும் அரண்மனை கேரள தொல்லியல் துறை கையிலதான் இருக்கு, நல்லா வச்சிருக்காங்க. ஸ்கூல்ல டூர் போனோம்னு எல்லாரும் சொல்லுவாங்க, வீடு கெட்டுறவன் பாக்குற மாதிரி பாத்தது கிடையாது. பூமுகத்துல, அதாவது வாசல் முகப்புல, நின்னு மேல பாருங்க, தொண்ணூறு பூ செதுக்கியிருக்கு, ஒண்ணு போல ஒண்ணு கிடையாது, அதெல்லாம் இப்ப நம்மளால செய்ய முடியாது, விடுங்க. ஆனா கூரை எவ்வளவு தாழ்ந்து வெளிய இறங்கியிருக்கு பாருங்க, மழை சுவத்த தொடாது. மர அழி, அதாவது மரச்சட்டத் தடுப்பு, வச்ச ஜன்னல், உள்ள இருந்து பாத்தா வெளிய தெரியும், வெளிய இருந்து பாக்குறவனுக்கு உள்ள தெரியாது, காத்து மட்டும் வரும். ராஜா ஆலோசனை நடத்தின மந்திரசாலைல ஜன்னலுக்கு மைக்கா (அப்பிரகத் தகடு) போட்டிருக்கு. தரை, அந்த கறுப்பு தரை, சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்து போட்டதுன்னு சொல்லுவாங்க, இன்னைக்கும் முகம் தெரியுது. இந்த அழியும் தாழ்ந்த கூரையும் கறுப்பு தரை வெள்ளை சுவரும் இன்னைக்கும் ஒரு சாதாரண வீட்டுல செய்யலாம். தரைக்கு சிமெண்ட்ல கலக்குற கறுப்புப் பொடி, பிளாக் ஆக்சைடு இருக்கு, ஆனா முன்னால போட்டு பழக்கம் உள்ள மேஸ்திரி கிடைச்சா மட்டும் போடுங்க, சரியா நனைக்காம விட்டா வெடிச்சிரும்.

வீட்டுக்கு செய்ய வேண்டியது வேற. கழுக்கோல ஒவ்வொண்ணா தட்டி பாக்க ஒரு நல்ல ஆசாரிய கூப்பிடுங்க, பொள்ளல் சத்தம் வந்தா கரையான், அத மட்டும் மாத்தினா போதும். இருட்டா இருக்குன்னு மோன் சொல்லுவான், அது உண்மையும்தான், நாலஞ்சு எடத்துல கண்ணாடி ஓடு மாத்தி போடுங்க. பழைய சுண்ணாம்பு சுவருன்னா மேல சிமெண்ட் பூசவோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்கவோ விடாதீங்க, ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு உதிரும், சுண்ணாம்பே அடிங்க. பாத்ரூமும் அடுக்களையும் மட்டும் மோன் இஷ்டப்படி புதுசா, வெள்ளையாவே கெட்டட்டும். நியாயமா பாத்தா இந்த வயசுல ராத்திரி முற்றத்த தாண்டி பாத்ரூம் போக உங்களுக்கும்தானே கஷ்டம்.

வாசகி, நாகர்கோவில்: வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் ஒரு ஆணி அடிக்க விடமாட்டாரு, கையில காசும் கம்மி. படத்துல வர்றதுல எதையாச்சும் நான் செய்ய முடியுமா?

செய்யலாம், ஆனா ஸ்டிக்கர் ஹூக் வேண்டாம், ஈரச் சுவத்துல பெயிண்டோட உரிஞ்சு வரும், அட்வான்ஸ்ல பிடிச்சிருவாரு. படத்த மாட்டாம அலமாரி மேல சாச்சு வைங்க, இப்ப அதுவே ஸ்டைலு. டியூப்லைட்டுக்கு பதிலா ராத்திரி மூலைல ஒரு மஞ்ச வெளிச்ச விளக்கு போடுங்க, படத்துல பாக்குற "வைப்" முக்காவாசி அந்த விளக்குதான். மணி பிளான்ட் பாட்டில்லயே வளரும். அப்புறம் எல்லா ரீல்ஸ்லயும் வர்ற அந்த உருளி, தண்ணி ஊத்தி பூ மிதக்க விடுறது, அதுக்கு தோவாளை பூ மார்க்கெட் பக்கத்துல இருந்தும் நாம செய்யலேன்னா எப்படி, உதிரிப் பூ கொஞ்சம் வாங்கினா போதும், பித்தளை உருளி இல்லேன்னா மண்சட்டி அதவிட அழகு. தண்ணிய மட்டும் தினமும் மாத்துங்க, இல்லேன்னா கொசு முட்டை போட்டுரும்.